வலது வளைவு

“கிளட்ச மெதுவா விடுங்கக்கா. பயப்படாதீங்க. கார் எங்கயும் ஓடிப்போயிறாது” என்று சின்னராசு எனக்குச் சொல்கிறான். எனக்கு! நான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டுகிறேன். டிரைவிங் ஸ்கூல்காரன் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பதை எட்டப்போகிற பெண்மணி ஒருத்தி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், வேப்பமரத்தடி பெஞ்சில், துப்பட்டாவை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு டெஸ்ட்டுக்குக் காத்திருந்தால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? பிள்ளையை ஸ்கூலில் கொண்டுபோய் விட ஸ்கூட்டர் பத்தாமல் கார் பழக வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். வசுந்தரா, கார் பந்தயத்தில் ஐந்து முறை தேசிய சாம்பியன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வர முடியும்? ஹெல்மெட்டைக் கழற்றினால் எங்களை யாருக்கும் தெரியாது. கிரிக்கெட்காரனுக்கு முகம் இருக்கிறது, எங்களுக்குக் காரின் நம்பர்தான் இருக்கிறது. பந்தய லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அந்தக் கிளார்க் பெண், மேடம் உங்க சாதா லைசென்ஸ் ஜெராக்ஸ் ஒண்ணு வேணுமே என்றாள். எடுத்துப் பார்த்தால் அது காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இவ்வளவு நாள் தாண்டினால் புதுப்பிக்க முடியாதாம், முதலிலிருந்து எல்.எல்.ஆர். போட்டு, டெஸ்ட் ஓட்டிக் காட்டி வாங்க வேண்டுமாம். என் கணவர் ஜெகன் இரண்டு நாள் சிரித்தார். பல் டாக்டர், சிரிப்புக்குக் குறைவில்லை. இப்போதுகூட வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நம் காரில் உட்கார்ந்து யாருக்காவது போன் போட்டு இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். அவர்தான் என்னை எங்கேயும் கூட்டிப்போவது. நான் ரோட்டில் ஓட்டுவதில்லை. பயமா என்று கேட்கிறார்கள். எனக்கென்ன பயம், வெறுப்பு. டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம், எல்லோருக்கும் ஓட்டத் தெரியும், யார் எங்கே வருவான் என்று எனக்கும் தெரியும். ரோட்டில் யாருக்கு என்ன தெரியும்? அண்ணன் கிரியை டிராக் ஒன்றும் செய்யவில்லை, ரோடுதான் கொன்றது. அதற்கப்புறம் ஸ்டியரிங்கை டிராக்கில் மட்டும்தான் தொடுவேன் என்று ஆகிவிட்டது. அப்படியே பழகி, லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. வேறு யாருக்கு இப்படி நடக்கும், சொல்லுங்கள்.

நேற்று டில்லியிலிருந்து போன். ஒரு அதிகாரி, நல்ல பதவிசான குரல், மேடம் உங்கள் பெயர் தேசிய விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது, அறிவிக்கும் முன் உங்கள் சம்மதத்தைக் கேட்பது எங்கள் வழக்கம் என்றார். என்ன விருது என்றும் சொன்னார். நான் சமையலறையில் இட்லிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. உடனே சரி என்று சொல்லியிருக்கலாம், எந்தப் பைத்தியக்காரியும் சொல்லியிருப்பாள். ஆனால் தொண்டையில் என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்குச் சொல்லட்டுமா சார் என்றேன். நாளை மதியத்துக்குள் நானே கூப்பிடுகிறேன் என்றார். அதை வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வியும் இல்லை, இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, இன்னும் முன்னாலேயே கொடுத்திருக்கலாம். தொண்டையில் உட்கார்ந்தது கிரி. என் அண்ணன் கிரிதரன். என்னை முதன்முதலில் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் உட்காரவைத்து, ஹெல்மெட் பட்டையை இறுக்கி, மூச்சு விட முடியுதா என்று கேட்டவன். அவன் இருந்திருந்தால் இந்தப் போன் அவனுக்குத்தான் வந்திருக்கும், எனக்கு அதற்கப்புறம் நாலைந்து வருஷம் கழித்து. ஜெகனைத் தவிர அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “அங்க மேடையில கிரி பேரச் சொல்லுவியா கண்ணு?” என்றாள். சொல்லுவேம்மா என்றேன். அதற்காகவே வாங்கப் போகிறேன் என்றேன். அவன் செத்த அன்று வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஊர் என்ன பேசிற்று என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். ரேஸ்காரனல்லவா, ரோட்டிலும் ரேஸ் ஓட்டியிருப்பான். அடங்காமல் ஓட்டினால் இப்படித்தான். ஒரு சொந்தக்காரர் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார், அந்த டம்ளரைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும், எறியவில்லை. பதினேழு வருஷமாக அந்தப் பேச்சு ஓயவில்லை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர், உங்கண்ணன் மாதிரி நீயும் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார்கள். டில்லி மேடையில் நான் சொல்லப் போவது ஒரே ஒரு வாக்கியம். என் அண்ணன் கிரிதரன் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேகத்தை அல்ல, கட்டுப்பாட்டை. அவ்வளவுதான். மேடையில் பேச விடமாட்டார்கள் என்றால் வெளியே டி.வி.காரர்களிடம் சொல்வேன். நாடே கேட்கட்டும். காப்பி குடித்த அந்தச் சொந்தக்காரரும் கேட்கட்டும்.

“இதப் பாருங்க, ரேஸ் ஓட்டுறவங்களுக்கு தேசிய விருதாமா” என்று பக்கத்தில் பேப்பர் விரிகிறது. ஞானப்பிரகாசம் சார். ரிடையரான பி.டி. வாத்தியார், ரிடையரான பணத்தில் கார் வாங்கிவிட்டு இப்போதுதான் ஓட்டப் பழகுகிறார். எனக்கு முன்னால் அவருடைய முறை. விசிலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். போன வாரம் யாரோ ஒரு சங்கத்தார் பந்தய வீரர்களுக்கும் பெரிய விருதுகள் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், அதற்கு வாசகர்கள் எழுதியிருப்பதை இன்றைக்குப் போட்டிருக்கிறார்கள். படம் ஒன்று இருக்கிறது. என் கார்தான். சக்கரத்தடியில் புகை. ஓட்டியவள் ஹெல்மெட்டுக்குள். அந்த ஹெல்மெட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சார் என்னிடமே கேட்கிறார், “நீங்களே சொல்லுங்கம்மா, ஓடுறது காரா, ஆளா? கார் ஓடுது, இவன் உக்காந்திருக்கான். உக்காந்துட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு வெளையாட்டா? நாப்பது வருசமா கிரவுண்டுல பசங்கள ஓட வச்சவன் நான். மூச்சு வாங்கணும், வேர்த்து ஊத்தணும், அப்பத்தான் அது வெளையாட்டு.” சின்னராசு உடனே, “அப்புடிப் பாத்தா நம்ம காந்திபுரம் டவுன் பஸ் டிரைவருக்குத்தானுங் சார் மொதல்ல குடுக்கோணும்” என்கிறான். பெஞ்சே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய. சார், செஸ் ஆடுகிறவர்கள் உட்கார்ந்துகொண்டேதானே ஆடுகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர், “அது மூளைம்மா” என்றார். அப்போ இது என்னவாம்? “இது பெட்ரோலு.” மறுபடி சிரிப்பு. நல்லாத்தான் பேசுகிறார் மனுஷர்.

பெட்ரோல்! சார், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஏப்ரல் மாத மதியத்தில், தீப்பிடிக்காத துணியில் மூன்று அடுக்கு சட்டை போட்டு, கையுறை, தலையில் இறுக்கிய பானை, முன்னால் எஞ்சின் அடுப்பு, கதவு ஜன்னல் எதையும் திறக்க முடியாது. அரை மணி நேரம் கழித்து இறங்கினால் பூட்ஸுக்குள் வேர்வை சளசளக்கும். வேர்த்து ஊற்றணுமா, ஊற்றுகிறது சார். ஒவ்வொரு வளைவிலும் தலையை யாரோ வெளிப்பக்கமாகப் பிடித்து இழுப்பார்கள், கழுத்துதான் அதைத் தாங்க வேண்டும். என் கழுத்தைப் பார்த்து கல்யாணத்தில் நகை ஆசாரி, அம்மணிக்கு அட்டிகை பெரிய சைஸில்தான் செய்ய வேண்டும் என்றார். பிரேக்கை மிதிப்பது ஒவ்வொரு முறையும் ஒரு ஆளைத் தூக்குகிற பாரம். இதையெல்லாம் செய்துகொண்டே யோசிக்கவும் வேண்டும். யோசிப்பது என்றால் நின்று யோசிப்பது இல்லை, யோசனைக்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது. ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை ஒரே வளைவை ஓட்டி ஓட்டி, தலையிலிருந்து அதைக் கைக்கு இறக்கிவிட வேண்டும். கிரி அதைத்தான் சொல்வான். “மண்டைக்குத் தெரிஞ்சா பத்தாது வசு, கைக்குத் தெரியணும். தூக்கத்துல எழுப்பி விட்டாலும் கை அந்தக் கோட்டுலதான் போகணும்.” வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வருவது. ரோட்டின் அகலம் முழுக்க உன்னுடையது, ஒரு அங்குலம் மிச்சம் வைக்காதே என்பான். வீட்டு மாடியில் சாக்பீஸால் வளைவு வரைந்து என்னை நடக்கவைப்பான். அம்மா துணி காயப்போட வந்து திட்டுவாள். சாப்பாட்டு மேஜையில் ரசம் ஊற்றும்போதுகூடக் கரண்டி அந்தக் கோட்டில்தான் வருது பார் என்று அப்பா கேலி செய்வார். இப்படிக் கைக்கு இறங்கின ஒரு வித்தைக்கு நாடு மரியாதை செய்தால் என்ன தப்பு? வீணைக்குச் செய்கிறார்கள், நாட்டியத்துக்குச் செய்கிறார்கள். அங்கேயும் கைக்கும் காலுக்கும் இறங்கினதுதானே. தகுதி உண்டா என்று பேப்பரில் ஓட்டெடுப்பு நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரே வரி. உண்டு. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

பையன்கள் ரோட்டில் பைக் ஓட்டிச் சாகிறார்களே, அதற்கு நீங்கள்தானே முன்மாதிரி என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சார் அதையும் சத்தமாகப் படித்துவிட்டு, “இது நியாயமான பேச்சு” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். நியாயமா? அந்தப் பையன்களில் ஒருவனுக்காவது ஓட்டத் தெரியுமா? எங்களுக்கு டிராக்கில் ஒரு மஞ்சள் கொடி காட்டினால் அந்த இடத்தில் முந்த மாட்டோம், முந்தினால் தண்டனை. எங்களைப் போல விதிக்குக் கட்டுப்பட்டவர்களை ரோட்டில் காட்டுங்கள் பார்ப்போம். இதைத்தான் கிரி செத்த வழக்கில் நான் கோர்ட்டில் சொன்னேன். இருபத்திரண்டு வயது, காட்டன் புடவை, அம்மா பின் குத்திவிட்டிருந்தாள். வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒரு வலது வளைவு, அப்போது நாலு வழிச் சாலையெல்லாம் வரவில்லை. கிரி பாலக்காட்டில் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். சாயங்காலம், தூறல். எதிரே சங்ககிரி லாரி. கிரி அங்கேயே. லாரி உருண்டு பள்ளத்தில், மழையில் ரோட்டில் ஒரு தடயமும் நிற்கவில்லை, பார்த்த சாட்சியும் கிடையாது. லாரி டிரைவர் பெயர் செங்கோடன், அவருக்கும் ஊர் சங்ககிரிதான். கையில் கட்டோடு வந்து கூண்டில் நின்றார். அவர் பக்கத்து வக்கீல் என்னைக் கேட்டார், உங்கண்ணன் ரேஸ் ஓட்டுகிறவர்தானே? ஆமாம், அதனால்தான் சொல்கிறேன், அவன் ஒரு நாளும் தன் பக்கத்தை விட்டுத் தாண்ட மாட்டான், வண்டியை அங்குலக் கணக்கில் வைத்து ஓட்டத் தெரிந்தவன், தப்பு அவன் மேல் இருக்கவே முடியாது என்றேன். குரல் நடுங்கவே இல்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். லாரிக்காரருக்குச் சிறைத் தண்டனை, லைசென்ஸும் போயிற்று. வராந்தாவில் அவர் என் முன்னால் வந்து நின்றார். போலீஸ்காரர் கையை விடவில்லை. “அம்மிணி, அவரு எம் பக்கம் வந்துட்டாருங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, கோபமாகச் சொல்லியிருந்தால் பொய் என்று அப்போதே தள்ளிவிட்டிருக்கலாம். அப்படியும் தள்ளினேன். தப்புச் செய்தவன் வேறென்ன சொல்வான்? ஒருவேளை என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை நான் வாசற்படிக்குள்ளேயே விட்டதில்லை. எப்போதாவது தூக்கம் வராதபோது வந்து கதவைத் தட்டும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, கிரியின் கோப்பைகளைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

“ஞானப்பிரகாசம்! வசுந்தரா! வந்து வண்டில உக்காருங்க” என்று கூப்பிடுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா, காக்கிச் சட்டை, முடியில் இரண்டு முழம் மல்லிகை, குரலில் மட்டும் மல்லிகை இல்லை. முன்னால் இடதுபக்க சீட்டில் ஏறிக்கொள்கிறார். டிரைவிங் ஸ்கூல் வண்டி, அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சார் ஸ்டியரிங்கில், நான் பின்னால். டெஸ்ட் என்பது ஒன்றுமில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடுவே பிரித்த ரோடு, நேராகப் போய், வலது பக்கம் ஒரு வளைவு, சுற்றி வந்து மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், கொஞ்சம் ரிவர்ஸ். சார் முதல் கியரில் உறுமவிட்டு, கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி குதித்து நின்றது. மறுபடி. எனக்குக் காலெல்லாம் தவிக்கிறது, அந்த கியர்பாக்ஸின் கஷ்டம் என் முழங்காலில் தெரிகிறது. வளைவு வந்ததும் சார் ஹாரன் அடித்தார், எதிரே ஈ காக்கை இல்லாத மைதானத்தில் நீளமாக ஒரு ஹாரன். இடது ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டி போகிற வேகத்தில் வளைத்தார். கழுத்தில் நரம்பு புடைத்துவிட்டது. மேட்டில் ஒரு முறை பின்னால் உருண்டு, சமாளித்து, ரிவர்ஸில் ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கினார். “பாஸ். போயி நிதானமா ஓட்டிப் பழகுங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. சார் பத்தாவது பாஸான பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார், வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

இப்போது நான். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரி செய்து, பெல்ட்டைப் போட்டேன். பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கியதை அந்த அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். கிளட்சை விட்டேன், வெண்ணெயாக நகர்ந்தது. பின்சீட்டுக்குப் போயிருந்த சார் “அட” என்றார். இரண்டாம் கியர். இந்தப் பழைய வண்டி பாவம், நல்ல வண்டிதான், யாரும் அதை ஒழுங்காகக் கேட்டதில்லை. டில்லிக்காரர் எந்நேரம் கூப்பிடுவார்? போன் ஜெகனிடம் இருக்கிறது, கேட்டில் இருப்பவர் ஓடிவந்து கொடுப்பார். கூப்பிட்டதும் சரி என்று சொல்லிவிட வேண்டும், இந்தத் தடவை தொண்டை அடைக்காது. டில்லிக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும், குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டும், அம்மா வேண்டாம் என்பாள், கிரியின் ஸ்வெட்டர் இருக்கிறதே என்பாள். மேடையில் கம்பளத்தில் நடக்கும்போது எனக்கு என்ன தோன்றும், கிரி பக்கத்தில் நடப்பது போல இருக்குமா, அவன் எப்போதும் வேகமாக நடப்பான், மெதுவா போடா என்று அம்மா. “நிறுத்துங்க” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. நிறுத்தினேன். ஏன் நிறுத்தச் சொன்னார் என்று புரியவில்லை. வளைவு முடிந்து வெளியே வந்திருந்தோம். வண்டி அலுங்கவில்லை, குலுங்கவில்லை, மேட்டுக்கு இன்னும் போகவே இல்லை.

“என்னம்மா ஓட்றீங்க?” என்றார்.

“ஏன் மேடம்?”

“இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்கதானே? கை நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனீங்க?”

“எந்தப் பக்கம்?”

“திரும்பிப் பாருங்க.”

திரும்பிப் பார்த்தேன். மண்ணில் எங்கள் சக்கரத் தடம் புதிதாகக் கிடந்தது. இடது ஓரத்திலிருந்து கிளம்பி, நடுக்கோட்டைத் தாண்டி, வலது ஓரத்துச் சுண்ணாம்பை உரசி, மறுபடி நடுக்கோட்டைத் தாண்டி இடது ஓரத்துக்கு வந்திருந்தது. அழகான கோடு. கிரி பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பான். வளைவின் வயிற்றில், முழு வண்டியும் எதிர்ப்பக்கத்தில் போயிருக்கிறது. நான் அதை ஓட்டவில்லை. நான் அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன். கை ஓட்டியிருக்கிறது.

“எதிர்ல ஒரு லாரி வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், லாரி என்றது சும்மா வாயில் வந்ததுதான். “ஃபெயில். ஒரு வாரம் கழிச்சு வாங்க. வேகமெல்லாம் இல்ல, இருவதுலதான் போனீங்க. இருவதுல போனாலும் அவன் பக்கம் அவனோடதும்மா.”

இறங்கினேன். சின்னராசு ஓடிவந்து, “விடுங்கக்கா, மொதத் தடவ எல்லாரும் ஃபெயிலாகறதுதான்” என்கிறான். ஞானப்பிரகாசம் சார், “நல்லாத்தாம்மா ஓட்டுனீங்க, என்னவிட நல்லா ஓட்டுனீங்க” என்கிறார், நல்ல மனுஷர். எனக்குக் கிரிதான் தெரிகிறான். தூறல். சாயங்காலம். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறான், அவசரம் ஒன்றுமில்லை, ரேடியோவில் ஏதோ பாட்டு, வீட்டுக்குப் போனதும் வசுவிடம் சொல்ல வேண்டியது என்று ஏதாவது ஒன்று மனதில். என்ன நினைத்துக்கொண்டு வந்தானோ. வலது வளைவு வருகிறது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை அந்தக் கோட்டில்தான் போகும். அவன் வேகமாகப் போகவில்லை. போயிருக்க மாட்டான், அதில் நான் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறேன். ஊர் சொன்னது பொய். அடங்காமல் ஓட்டவில்லை என் அண்ணன், யாருக்கும் வித்தை காட்டவில்லை. ஊர் சொன்னது பொய், நான் சொன்னதும் பொய். கூண்டில் கையில் கட்டோடு நின்ற ஒரே ஒரு ஆள்தான் நடந்ததைச் சொன்னார், அவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து உள்ளே தள்ளினோம். நான் தள்ளினேன். என் குரல்தான் நடுங்கவே இல்லை. அம்மிணி என்றாரே. சாபம் விடவில்லையே. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு மனிதர், அப்புறம் என்ன வேலை செய்து சாப்பிட்டார்? வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, தடுக்கவில்லை. சின்னராசு, ஃபெயிலானதற்காக அழுகிறாள் என்று பயந்துபோய் யாரிடமோ சோடா வாங்கிவரச் சொல்கிறான்.

ஜெகன் கேட்டிலிருந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். டில்லி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, வைத்துவிடட்டுமா என்று சைகை செய்கிறார். வாங்கிக்கொண்டேன். அதே பதவிசான குரல். மேடம், உங்கள் சம்மதம்? வேண்டாம் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இது என் கைக்குத் தருகிற விருது, இருபது வருஷம் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த கை, அதற்குத் தகுதி உண்டு என்று காலையில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்தக் கை என்னவெல்லாம் செய்யும் என்று காலையில் தெரியாது, இப்போது தெரியும். தெரிந்துகொண்டு வாங்குவதுதான் மரியாதை. “சம்மதம் சார். ரொம்ப நன்றி” என்றேன். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று அவர் நினைத்திருப்பார், வாழ்த்துச் சொல்லி வைத்தார்.

“சொல்லிட்டியா?” என்றார் ஜெகன்.

“சொல்லிட்டேன்.”

“டெஸ்ட்டு?”

“ஃபெயில்.”

வாய்விட்டுச் சிரிக்க வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் மண்ணில் கிடந்த தடத்தைக் காட்டினேன். அவருக்கு ஓட்டத் தெரியும், பந்தயம் தெரியாது. ஆனால் கோர்ட்டுக்கு அன்று என்னோடு வந்தவர், அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மாகிட்ட எப்படிச் சொல்லப்போறே வசு?”

“தெரியல. சொல்லணும். அதுக்கு முன்னாடி சங்ககிரி போகணும். இப்பவே.”

“அவரு உசுரோட இருக்காரோ இல்லையோ.”

“இல்லேன்னா பிள்ளைங்க இருப்பாங்க. கேட்டுக் கேட்டுப் போலாம்.”

“போயி?”

கார் சாவி அவர் கையில் இருந்தது. நான் வழக்கம் போலச் சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்தேன்.

“எங்கண்ணன்தாங்க உங்க பக்கம் வந்தான்னு சொல்லணும்.”